மக்காத கட்டை

கட்டையில போறவனே என்று
என்னை யார் திட்டினாலும் கோபம் வருவதில்லை.
கட்டைமேல்தான் போகிறேன்
தினமும் ஏழு கிலோமீட்டர்,
தோளில் சுத்தியல், கையில் சாவி,
தளர்ந்த கிளிப்புகளைத் தட்டிக்கொண்டு.

இன்று நடை இல்லை.
இரவு ஒன்று நாற்பதுக்குப் பிளாக் கிடைத்தது.
கொருக்குப்பேட்டை தாண்டி, கால்வாய்மேல்
சின்ன இரும்புப் பாலம்.
ஒரே ஒரு கட்டை மாற்ற வேண்டும்,
சோதனைக்கு.

பழையது வரமாட்டேன் என்றது.
ஆக்னஸ் கடப்பாரையால் நெம்பினாள்.
மேலே முழுசு, உள்ளே ஊறின பொட்டு.
முப்பது வருஷத் தார் எண்ணெய் நெடி
மூக்கில் ஏறியது.
பரவாயில்லை, மரத்துக்குக் கடைசியில்
ஓர் அடுப்பாவது உண்டு.

புதியது கறுப்பு.
கல்லும் இல்லை மரமும் இல்லை.
தொட்டால் எண்ணெய்க் கேன் மூடியின் வழவழப்பு.
"கரையான் தொடாது, மழை தின்னாது,
ஐம்பது வருஷம் மக்காது" என்றார் பொறியாளர்.
மக்காது என்பதை அவர்
மெச்சிச் சொன்னார்.
எங்கள் தெருக் குப்பைவண்டிக்காரி
அதே வார்த்தையை வசவாகச் சொல்வாள்.

துளை போட்டோம்.
சுருள் சுருளாய் வெளியே வந்தது கறுப்பு.
நடுவில் ஒரு நீலக் கீற்று.
எந்தத் தெருக் குடமோ.
லாரித் தண்ணிக்கு இடம் பிடித்து
நாளெல்லாம் வெயிலில் நின்றிருக்கும்.

"தூள் கால்வாயில் விழக்கூடாது, சாக்கு விரிங்க."
விரித்தோம்.
கீழே தலைவிளக்கு பட்ட இடமெல்லாம்
பாட்டில், கவர், தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு.
தண்ணீரைத்தான் தேட வேண்டியிருந்தது.
ஆக்னஸ் சிரித்துவிட்டாள்.
நானும்.
கொஞ்சம் தாமதமாகப் பொறியாளரும்.

அந்தச் சிரிப்புக்கு விழித்துக்கொண்டு
கரையிலிருந்து ஏறி வந்தாள் ஒருத்தி,
காலி மூட்டையைப் போர்வையாய்ச் சுற்றி.
அம்சா என்றாள், கேட்டதற்கு.
குனிந்து கட்டையை நகத்தால் சுரண்டி
மோந்து பார்த்தாள்.
"கேன் கொஞ்சம், கவர் நெறய.
நம்ப சரக்குதான்.
கிலோ இன்னா ரேட்டுக்கு எடுத்தாங்க?"

பொறியாளருக்கு எடை தெரியும்.
எழுபத்தொரு கிலோ.
விலை தெரியாது.

அவள் விரல் மடக்கினாள்.
எட்டு மூட்டை. பத்துகூட ஆகும்.
கவரென்றால் கடைக்காரன்
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
கொடுங்கையூர் வரை நடை.
"அப்டின்னா என்னோட ஒரு வாரம்
இதுல படுத்துனு கீது."

யாரும் பதில் பேசவில்லை.
மேட் எத்திராஜ் மட்டும்
போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினார்.

மூன்று ஐம்பதுக்கு முதல் வண்டி.
சரக்கு. வேகம் இருபதுக்கு மேல் போகக்கூடாது.
கீழே போ என்று சொல்லியும்
அவள் போகவில்லை,
எங்களோடு சரிவில் குத்தவைத்தாள்.

மரத்தின்மேல் போனால் தொம் என்னும்.
கான்கிரீட் என்றால் டக்.
பதினாறு வருஷம் கேட்ட காது இது.
பதினொரு மரத்துக்கு நடுவே அந்த ஒன்று
என்ன சொன்னது என்று
எனக்குப் பிடிபடவில்லை.
நாற்பத்திரண்டு பெட்டி போயிற்று;
எண்ணியது அவள்தான்.

கடைசிச் சிவப்பு விளக்கு
வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு
"தாங்குச்சா?" என்றாள்.

டார்ச்சை அடித்து, மண்டியிட்டு,
துளை ஓரம் விரல் வைத்துப் பார்த்தேன்.
லேசான சூடு.

"இன்னிக்குத் தாங்குச்சு."