இதரச் செலவு

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம்,
அதில் இருவர் டீ வாங்கப் போனவர்கள்.
ஆலயத்தின் பின்கட்டு அறையில்
மின்விசிறிக்கு மூன்று வேகம்,
மூன்றும் ஒன்றுதான்.

பொங்கல் கழிந்து இரண்டாம் வெள்ளி, சனி, ஞாயிறு.
கோட்டூர்ப் பக்கம் பழைய மிஷன் பள்ளி,
வாடகை இல்லை, கழிப்பறை இரண்டு.
முப்பத்தாறு பேருக்கு இரண்டா என்றாள் தபித்தா.
அதையும் எழுதிக்கொண்டேன். நான் செயலாளர்.

முகாமின் தலைப்பு: அமைதி.
ஆயர் ஒரு மணி நேர மௌனம் கேட்டார்.
லெமுவேல் பதினைந்து நிமிஷத்தில் நின்றான்.
நாற்பதில் படிந்தது,
சந்தையில் கத்தரிக்காய் படிகிற மாதிரி.

பெயர்ப் பட்டியலில் கெர்சோமை
நான்தான் அடித்தேன்.
மூன்று மாதமாகக் கூடுகைக்கு வரவில்லை,
போனை எடுப்பதில்லை.
ஆர்வம் குறைந்தவர் என்று ஓரத்தில் குறித்தேன்.
என் கையெழுத்து அழகு என்று
எல்லோரும் சொல்வார்கள்.

*

சனிக்கிழமை மௌன வேளை
ஐந்து மணிக்குத் தொடங்கி
ஐந்து நாலுக்கு முடிந்தது.
அட்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கொட்டாவி போல அது தொத்திக்கொள்ளும்.
ஆயர் கண்ணைத் திறக்காமலே
சுண்டல் ஆறுது, போங்க என்றார்.

இரவு ஒன்பதரைக்கு மின்னல்.
தை மாதத்தில் யாரும் கேட்காத மேகம்.
தட்டு கழுவப் போன ரூபன் வந்து சொன்னான்:
ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொள்முதல் நிலையத்தில்,
நெல் மேட்டின் மேல் ஒருத்தன் நிற்கிறான்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
நம்ம கெர்சோம் மாதிரி இருக்கு.

பதினொரு நாளாக அங்கேதான் இருந்தானாம்.
டோக்கன் வந்தது, சாக்கு வரவில்லை.
சாக்கு வந்தது, ஈரப்பதம் பதினெட்டு என்றார்கள்.
அதற்கு முன் அறுப்பு மெஷினுக்கு அலைச்சல்,
அதற்கும் முன்னால் அப்பாவின் இடுப்பெலும்பு.
இதெல்லாம் அவன் பிறகு சொன்னது.
கேட்டதால் சொன்னான்.

அப்போது பேச நேரமில்லை.
அவன் தார்ப்பாய் பாதி மேட்டுக்குத்தான் எட்டியது.
தபித்தா சாமியானாக் கயிற்றை அவிழ்த்தாள்.
மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரை,
ஆளுயர எழுத்தில் அமைதி என்றிருந்ததை,
லெமுவேல் ஆணியோடு பிடுங்கினான்.
இருபது பேர் போனோம்.
மற்றவர்கள் வரவில்லை. சிலருக்குத் தூக்கம்,
ஒருத்தி ஜுரம் என்றாள்,
உண்மையாகவே ஜுரம்.

காற்றுக்கு ஓரங்கள் எழும்பின.
எழும்பிய இடத்திலெல்லாம் ஆள் உட்கார்ந்தோம்.
நெல் சரிந்து முழங்கால் வரை மூடியது.
ஈர நெல் உள்ளே வெதுவெதுவென்றிருக்கும்,
இருபத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது.
எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.
அட்லின் சிரிக்கவில்லை.

மழை, சொல்லப்போனால், பத்துத் தூறல்.
மேகம் வேதாரண்யம் பக்கம் போய்விட்டது.
போன பிறகும் கொஞ்ச நேரம்
எழுந்திருக்காமல் இருந்தோம்.

*

கருத்துப் படிவம் முப்பத்திரண்டு திரும்பி வந்தது.
மிகவும் பிடித்தது எது?
பத்தொன்பது பேர்: ஞாயிறு மதியம் கோழிக் குழம்பு.
இருவர் நெல் என்று எழுதி,
ஒருவர் அதை அடித்திருந்தார்.
திருத்த வேண்டியது எது?
கழிப்பறை. கழிப்பறை. கழிப்பறை.

சேறு, சுணை, ஒரு கிழிசல்:
சாமியானாக்காரர் எண்ணூறு கேட்கிறார்.
எந்தத் தலைப்பில் எழுத என்கிறார் பொருளாளர்.
ஊழியம் என்கலாமா? உதவிப் பணி?
பத்துத் தூறலுக்கு அவை பெரிய சொற்கள்.
இதரச் செலவு என்று போடுங்கள் என்றேன்.

கெர்சோம் அடுத்த ஞாயிறு வரவில்லை,
அதற்கடுத்த ஞாயிறும்.
நெல் போய்விட்டதா என்று கேட்டு அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
புதன்கிழமை பதில்:
போச்சு. மூட்டைக்கு நாப்பது கேட்டான். குடுத்தோம்.
பிறகு ஒரு கட்டைவிரல்.

குறிப்பேட்டில் நான் போட்ட கோடு மை,
அழித்தால் தாள் கிழியும்.
அதன் பக்கத்தில் அவன் அப்பாவின்
போன் நம்பரை எழுதினேன்.
கீழே, அடுத்த ஆண்டு முகாம்:
தேதி, அறுப்பு முடிந்து, விசாரித்து.
மௌன வேளை, இப்போதைக்குக் காலி.
கழிப்பறை, குறைந்தது நான்கு.