ஏழு எண்ணும் வரை

ஹொரொபிட்டோ இலையை வாயில் போட்டால்
முதலில் ஒன்றும் தெரியாது.
ஈரப் புல்லை மென்ற மாதிரி இருக்கும்.
இவ்வளவுதானா என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.
நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஐந்து, ஆறு.
ஏழில் வந்து இறங்கும் காரம்.
நாக்கின் ஓரங்களில் தீ,
பிறகு உதடே தன்னுடையது இல்லாததுபோல் மரத்துவிடும்.

மோட்டுவேக்கா தொழிற்சாலைக்கு வருகிறவர்களிடம்
இதைச் செய்துகாட்டுவதும் என் சம்பளத்தில் சேர்த்தி.
ஆக்லாந்து சமையல்காரர் ஒருவர்
கண்ணைத் துடைத்துக்கொண்டே
ஆட்டிறைச்சியில் தடவ ஐந்து கிலோ வாங்கினார்.
ஐஸ்கிரீமிலும் போடப்போகிறாராம்.
போடட்டும்.

மற்ற நேரமெல்லாம் கேப்ஸ்யூல் பிரிவு,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
பழுப்பும் பச்சையுமாகத் தூள் இறங்கும்.
புட்டிக்கு முப்பது.
வயிற்றுப் பூஞ்சைக்கு 'உதவக்கூடும்' என்பதோடு
லேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டார் வக்கீல்.
எங்கள் மவோரி ஆட்கள் அப்படியெல்லாம் நிறுத்தியதில்லை.
பல்வலிக்கு மென்றார்கள்.
படைக்கும் சொறிக்கும் ஊறவைத்த நீர்.
வெளியே சொல்லக் கூசும் நோவுக்கும்
அதே நீர்.
மருந்துப்பெட்டி காலியானதும்
கப்பலில் வந்தவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்,
பெயரை மட்டும் மிளகு மரம் என்று மாற்றி.

இலை கொண்டுவருகிறவள் பியாட்டா.
மானும் போஸமும் மேய்ந்து மொட்டையடித்த சரிவில்
இது மட்டும் நிற்குமாம்,
யாரும் வாய் வைக்காத திமிரோடு.
மேலே சூடு பட்டாற்போல் சிவப்புத் திட்டுகள்,
புரட்டினால் மீன் வயிற்று வெளுப்பு.
முதல் கொத்தை நறுக்குமுன்
மரத்திடம் அவள் முணுமுணுக்கும் பிரார்த்தனையை
கம்பெனி நேரக்கணக்கில்
'ஐந்து நிமிடம், தயாரிப்பு' என்று எழுதியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கையுறை கிழிந்தது.
கவனிக்கவில்லை.
சட்டைக்குள் எப்போது புகுந்ததோ தூள்.
வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டேன்,
கைக்கு மட்டும்.
மாஹினா தூக்கத்தோடு தூக்கமாய்
மார்பைத் தேடி வந்தாள்.
பதினான்கு மாதம், நான்கு பல்.
குடித்தாள்.
குடித்தாள்.
நின்றாள்.
அப்படியொரு பார்வையை நான் பார்த்ததில்லை.
என் முகம், என் மார்பு, மறுபடி என் முகம்.
வாசலில் முகவரி தவறி வந்தவளைப்
பார்க்கிற மாதிரி.
அப்புறம்தான் அழுகை.

ஹோஹெபா முதலில் சிரித்தான்,
பிறகு ஈரத்துணி எடுத்துவந்து
அவள் வாயைத் துடைத்தான்.
எனக்கு வரி நினைவு வந்தது.
புட்டியோடு வைக்கிற காகிதத்தில்,
நான்காம் பக்கம், 'பாரம்பரியப் பயன்கள்',
மூன்றாவது பத்தி:
பால் மறக்கடிக்கத் தாய்மார்
இலைச்சாற்றை மார்பில் பூசிக்கொண்டனர்.
நூறு நூறாய் மடித்திருக்கிறேன் அதை.
மடிக்கும்போது யார் படிக்கிறார்கள்.

குளிர் போனதும் நிறுத்தலாம் என்றிருந்தோம்.
இன்னும் ஜூலைகூட முடியவில்லை.

மறுநாள் நன்றாகக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.
மாஹினா வந்தாள்.
ஒரு விரலால் மார்பைத் தொட்டாள்,
விரலை நக்கினாள்,
காத்திருந்தாள்.
எதுவும் வரவில்லை.
இருந்தாலும் இறங்கிப்போய்
மேசைமேல் இருந்த நீலக் கோப்பையைக் காட்டினாள்.
நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை ஜப்பானிலிருந்து இரண்டு பேர்.
ஆளுக்கோர் இலை கொடுத்தேன்.
இளையவர் மென்றார்,
இவ்வளவுதானா என்று நிமிர்ந்து பார்த்தார்,
மாஹினாவின் அதே கண் அகலம்.
மூன்று, நான்கு.
ஐந்தில் என் சட்டை நனைந்தது.
கோப்பால் மறைத்துக்கொண்டேன்.
ஆறு.
அவர் இருமத் தொடங்கியதும்
தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன்.