நான்கு பைட் தள்ளி

புதிய சில்லுக்கு இன்னும் வாய் வரவில்லை.
காது மட்டும் உண்டு,
அதுவும் முப்பத்திரண்டு பிட் அகலத்தில்.

திமிஷோவாராவில், பேகா கால்வாய் தெரியும் மூன்றாம் மாடியில்
ஸ்மராந்தா முதல் நாள் எதையும் எழுதவில்லை.
வேறொரு செயலிக்கான அடைவை அப்படியே நகலெடுத்தாள்.
பழைய பெயர் வந்த இடமெல்லாம் புதுப் பெயர்,
எண்ணூற்றுப் பதினோரு இடம்.
தொகுப்பி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது.
அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி முன் நிற்பதுபோல் இருந்தது.

பிறகு பொத்தான் பொத்தானாகக் கழற்றினாள்.
பதிவகங்களின் பெயர்கள் போயின.
கட்டளைப் பட்டியல் போயிற்று.
ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன குறிப்பு:
"இங்கே ஏன் இரண்டு கழிக்கிறோம் என்று தெரியாது.
கழிக்காவிட்டால் ஓடாது."
சிரித்தாள்.
அதையும் அழித்தாள்.

முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?
சும்மா இருக்கும் கட்டளையை.
முப்பத்திரண்டு சுழியம்:
சில்லு வாங்கும், ஒன்றும் செய்யாது, அடுத்ததற்குப் போகும்.
அசெம்பளருக்கு ஒரு வரி ஊட்டினாள்.
நான்கு பைட் வந்தது, நான்கும் சுழியம்.
சரியாகத்தான் வந்ததா,
ஒன்றுமே வராததுதான் இப்படித் தெரிகிறதா?
இருபுறமும் வேறு எண்களைக் காவல் நிறுத்தி
நடுவே அதை வைத்து அளந்தாள்.
மதியம் போய்விட்டது.
சும்மா இருந்ததை நிரூபிப்பது லேசல்ல.

கூட்டல், வால் முன்னதாக வந்தது.
ஒரேயொரு மாறியைத் திருப்பினாள், தலை முன்னே வந்தது.

அடுத்த வாரம் தாவல்.
எங்கே தாவ? அசெம்பளருக்குத் தெரியாது.
அந்தப் பெயர் வேறொரு கோப்பில் இருக்கிறது;
அந்தக் கோப்பை இன்னும் யாரும் எழுதாமலும் இருக்கலாம்.
ஆகவே இடத்தை வெற்றாக விட்டு
ஒரு சீட்டு எழுதிவைக்கிறது:
இன்ன இடத்தில், இத்தனை பிட்டில்,
இன்னாரின் முகவரி வந்ததும் நிரப்புக.
சீட்டைப் பிரிப்பது லிங்கர்.
நிலைமொழியும் வருமொழியும் அருகருகே வந்து நிற்க
எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்று
விதி பார்க்கும் வேலை.
பெயரெல்லாம் கெட்டு
எண் மிஞ்சும்.

விதி, கையேட்டின் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது:
"தாவும் கட்டளையிலிருந்து தூரத்தை எண்ணுக."
எண்ணினாள்.
இரண்டு கோப்பு, ஓர் அழைப்பு.
ஜன்னலோரப் பலகையில் சில்லின் ஒத்திகை வடிவம்
விசிறியோடு இரைந்துகொண்டிருந்தது.
ஒரு விளக்கு எரிய வேண்டும்.
எரியவில்லை.
ஒவ்வொரு தாவலும் நான்கு பைட் தள்ளி விழுந்தது,
முதல் வாக்கியத்தைத் தவறவிட்டு
கூட்டத்துக்குள் நுழைபவன்போல.

பக்கத்து அறையில் ட்ரயான்,
கையில் பாதி கடித்த கொவ்ரிக் ரொட்டி, மடியெல்லாம் எள்.
"ஓ, அதுவா. அடுத்த கட்டளையிலிருந்து எண்ணும்.
மார்ச்சில் மாற்றினேன். ஒரு கூட்டல் சுற்று மிச்சம்."
"கையேடு?"
"அது பிப்ரவரியில் எழுதியது."

வெள்ளிக்கிழமையே வரைபடம் ஆலைக்குப் போய்விட்டது.
சிலிக்கான் இனி வளையாது.
வளையக்கூடியது எதுவோ
அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்து
நான்கு கழித்தாள்.

விளக்கு எரிந்தது.
பச்சை. அப்படியொன்றும் பிரகாசமில்லை.

அழித்த குறிப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது.
எந்த ஊரிலோ, எந்த இரவிலோ,
கேட்பதற்கு ஒரு ட்ரயான் இல்லாத அறையில்
ஒருவர் இரண்டைக் கழித்துவிட்டு
வெட்கத்தோடு எழுதிய வரி.

அவள் எழுதினாள்:
"நான்கு கழிக்க. எண்பத்தெட்டாம் பக்கம் தப்பு.
காரணம்: மார்ச் மாதம். விவரத்துக்கு ட்ரயான்,
அவன் வேலையை விடுவதற்குள்."

மீதி நூற்றுப் பதின்மூன்று கட்டளை.
கதவிடுக்கில் தலை நீட்டினான் ட்ரயான்.
"வகுத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்..."

நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.