ஒன்பது லரிக் கோட்டு

கிலோ கணக்கில் பழந்துணி விற்கும் கடையில்
நிறுத்து வாங்கினோம் அந்த நீலக் கோட்டை.
ஒன்பது லரி.
மூன்றால் மீதியின்றி வகுபடும் என்றாள் எலிசோ;
கணிதம் படித்தவள்.
இடது கையில் பொத்தான் ஒன்று இல்லை.
படம் நெஞ்சோடு வெட்டுப்படும் என்பதால்
யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோவுக்குப் பணம் ஏது?
ஃபிரிட்ஜ் கதவு நல்ல வெள்ளை.
ஒட்டியிருந்த காந்தங்களைக் கழற்றிவிட்டு
அதன் முன்னே ஒவ்வொருத்தியாய் நின்றோம்.
பல் தெரியாமல் சிரி, என்றாள் தெக்லா.
நம்பகமாகப் பார்.
நம்பகமாகப் பார்ப்பது எப்படி?
கடன் கேட்டு வந்தவரிடம்
அம்மா வீட்டில் இல்லை என்று சொல்வேனே,
அந்த முகத்தை வைத்துக்கொண்டேன்.
படம் நன்றாக வந்தது.
தெக்லாவின் தோளுக்கு மேல் மட்டும்
கழற்ற மறந்த ஆரஞ்சுச் சுளைக் காந்தம்
பாதி தெரிகிறது இன்றுவரை.

பிறகு எழுத்து வேலை.
உங்களைப் பற்றி மூன்று வரி, என்றது திரை.
எல்லோருடனும் இணைந்து செயல்படுபவள் என்று அடித்தேன்.
என் சீப்பை எப்போது தருவாய், என்றாள் எலிசோ
தோளுக்குப் பின்னாலிருந்து.
ரொட்டிக்கடையில் பதினோரு மாதம் நின்றதை
'வாடிக்கையாளர் உறவு' ஆக்கினோம்.
அடுப்புக் குழிக்குள் இடுப்புவரை குனிந்து
சுவரில் ஒட்டி வெந்த ரொட்டியைக்
கொக்கி போட்டு எடுத்ததை
எதுவாகவும் ஆக்க முடியவில்லை.
விட்டுவிட்டோம்.
முழங்கைத் தழும்பு கோட்டுக்குள்தானே இருக்கிறது.

க்ல்தானியில் எங்கள் அடுக்ககத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இறங்கக் காசு கேட்காது.
ஒன்பதாவது மாடி எங்களுடையது.
நேர்காணலுக்குப் போவது இலவசம்,
திரும்பி வரத்தான் செலவு.
போகிறவளின் கோட்டுப் பையில்
இருக்கிறவள் ஒருத்தி
இருபது தெத்ரி போட்டுவைப்பாள்.
அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முப்பத்தேழாவதோ முப்பத்தெட்டாவதோ விண்ணப்பம்.
பத்தூமியில் ஒரு கிடங்கு நிறுவனம்,
திபிலிசிக் கிளைக்கு ஆள் வேண்டுமாம்.
மூவரையும் ஒரே நாளில் காணொளியில் அழைத்தது.
பத்து மணிக்குத் தெக்லா.
பத்து இருபதுக்கு நான்.
பத்து நாற்பதுக்கு எலிசோ.

கோட்டு என்னிடம் வந்தபோது
கைகளுக்குள் தெக்லாவின் சூடு இருந்தது.
மேலே கோட்டு, கீழே பூப்போட்ட பைஜாமா.
திரையில் மக்வாலா என்றொரு பெண்,
மூக்கு நுனியில் கண்ணாடி.
கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.
'இந்தக் கோட்டை இப்போதுதான் பார்த்தேன்,' என்றாள்.
'அந்த ஃபிரிட்ஜையும்.'
எந்த முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.
நம்பகமான முகம் அப்போது கைவசம் இல்லை.
'அடுத்து வருகிறவளும் இதைத்தான் போடுவாளா?'
'ஆமாம். அவளுக்குத் தோள் சற்று இறுக்கும்.'
'அப்படியானால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.'

இரண்டே கேள்வி.
ஏழு நிமிடம் மிச்சம்.
அது இரக்கமா, நிராகரிப்பா என்று
கோட்டைக் கழற்றிக்கொண்டே யோசித்தேன்.
இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வேலை எலிசோவுக்கு.
பொத்தான் இல்லாததை அவளே எடுத்துக் காட்டினாளாம்,
கையை உயர்த்தி, கேமராவுக்குப் பக்கத்தில்.
எதற்கு அப்படிச் செய்தாய் என்றதற்கு
பயத்தில், என்றாள்.
முதல் நாளே மஞ்சள் மேற்சட்டை கொடுத்துவிட்டார்கள்,
முதுகில் நிறுவனத்தின் பெயர்.
கோட்டு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய கோட்டு அட்டவணையில்
இப்போது இரண்டு பெயர்தான்.
வெற்றிடம் நிறைய.
அவள் பங்கு மூன்று லரியைத் திருப்பித் தர
நானும் தெக்லாவும் ஆளுக்கு ஒன்றரை எடுத்துவைத்தோம்.
வாங்க மறுத்துவிட்டாள்.
'என் பெயரை அடிக்காதே,
அட்டவணையில் கீழே எழுதிவை' என்றாள்.
ஆறு மாத ஒப்பந்தமாம்.