இரண்டு வயர் மூக்கு

மல்வத்தைச் சந்தி தாண்டினதும்
மூன்றாம் முறையாக நின்றது.
பெட்டிக்குள் ஒன்பது கிலோ சூரை, கொஞ்சம் கீரி.
பெட்டிக்கு வெளியே கச்சான்.

வறுத்துத் தின்கிற கச்சானைச் சொல்லவில்லை.
மேற்கேயிருந்து வருவது,
உதட்டை வெடிக்க வைப்பது,
அறுத்த வயலில் நிற்கிற மாட்டையும்
கண்ணை மூட வைப்பது.

பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி.
இந்த வெயிலில் இவ்வளவு பெற்றோல்!
போர்வைக்குள் இருந்துகொண்டு
இன்னுமொரு தேத்தண்ணி கேட்கிறவன் மாதிரி
குடித்திருக்கிறது.

நிந்தவூர் கராஜில்
இன்ஜெக்டரை மாற்றச் சொன்னார் பாஸ்.
பதினெட்டாயிரம்.
பதினெட்டாயிரத்துக்கு எத்தனை கிலோ சூரை என்று
எண்ணிக்கொண்டே உருட்டி வந்தேன்.

"மாத்த முதல்
அது என்ன நினைக்குதெண்டு கேட்டுப் பாருங்க"
என்றாள் பரீனா.
ஃபோன் திருத்துகிற கடையில் வேலை அவளுக்கு.
இரவு மீட்டரோடு வந்தாள்,
தலையில் போட்டிருந்ததைக்கூடக் கழற்றாமல்
முற்றத்தில் குந்தினாள்.
"உள்ளுக்குப் போற காத்து சூடா குளிரா எண்டு பார்க்க
ஒரு சாமான் இருக்கும்.
எங்க இருக்கெண்டுதான் தெரியா."

எஞ்சினில் ஒன்று இருந்தது.
அது எஞ்சினின் காய்ச்சலைப் பார்ப்பது, இதுவல்ல.
டாங்கியைத் தூக்கினோம்.
ஒரு பல்லி ஓடியது,
முன்பொருநாள் விழுத்திய பத்து எம்எம் சாவி கிடைத்தது.
கடைசியில்
சீற்றுக்குக் கீழே,
ஃபில்டர் பெட்டியின் முதுகில்,
சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு மூக்கு,
இரண்டு வயர்.
மூன்று வருடமாய் அதற்கு மேலேதான்
உட்கார்ந்திருக்கிறேன்.

குளிர்ந்த காற்று நெருங்கி நிற்கும்,
பெற்றோல் கூட வேண்டும்.
சூட்டில் விலகி விலகி நிற்கும்,
கொஞ்சம் போதும்.
இந்த மூக்கு
குளிர்ந்தால் மின்சாரத்தை மறிக்கும்,
சூடேறினால் விட்டுக்கொடுக்கும்.
அதை வைத்து மூளை கணக்குப் பார்க்கும்.
"சூடேறினா விட்டுக்கொடுக்குமாம்.
உங்களுக்கு நேர்மாறு" என்றாள்.
நான் டோர்ச்சை நேராகப் பிடித்தேன்.

பெட்டியில் மிஞ்சிய ஐஸ் கட்டியில் ஒன்றை எடுத்து
மூக்கில் வைத்தாள்.
மீட்டர் ஏறி ஏறி
ஆறாயிரத்தைத் தொட்டது.
துடைத்து, உள்ளங்கைக்குள் பொத்தினாள்.
குஞ்சைப் பொத்துகிற மாதிரி.
இறங்கியது, இறங்கியது,
ஆயிரத்து ஐந்நூறில் நின்று மூச்சு வாங்கியது.

மூக்கில் பழுதில்லை.

பிறகுதான் வயர் போய்ச் செருகுகிற வாயைப் பார்த்தோம்.
பச்சை.
பாசி பிடித்த மாதிரிப் பச்சை.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு.
பரீனா முகத்தைச் சுளித்தாள்.
மீன் தண்ணி.
பெட்டியின் மூலையில் மயிரிழை வெடிப்பு,
நிந்தவூரிலிருந்து மல்வத்தை வரைக்கும்
தினமும் சொட்டியிருக்கிறது.

மூக்கு சொன்னது முப்பத்தேழு.
பச்சை அதை வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னது மூன்று.
மூளை என்ன செய்யும், நம்பியது.
கொதிக்கிற வயல்வெளியில் நின்றுகொண்டு
நுவரெலியாவில் பனி கொட்டுகிறதென்று
ஊற்று ஊற்றென்று ஊற்றியது.
நான் அதற்கு உதைத்த உதைகள்
எல்லாம் ஞாபகம் வந்தன,
மல்வத்தையில் ஒன்று, சம்மாந்துறைப் பாலத்தில் இரண்டு.

பழைய பல் பிரஷ், கொஞ்சம் பெற்றோல்.
பித்தளை திரும்பி வந்தது.
சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டினோம்.

மறுநாள் பதினொன்றுக்குக் கச்சான் எழும்பியது,
சைக்கிள் நிற்கவில்லை.
மல்வத்தையில் வழக்கமாய் வாங்குகிற பொம்பிளை
"இன்டைக்கு வேளைக்கு" என்றாள்,
பிறகு மூடியைத் தூக்கிப் பார்த்து
"ஐஸ் காணாதே" என்றாள்.
அதுவும் சரிதான்.

வெடிப்பை இன்னும் அடைக்கவில்லை.
அடைத்துவிட்டேன் என்று
பரீனாவிடம் சொல்லியிருக்கிறேன்.