முள் நிற்கும் இடம்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,
பேரணாம்பட்டு, மலட்டாற்றங்கரை அங்கன்வாடியிலிருந்து
பங்கஜவல்லி எழுதுவது.

கூரை ஒழுகுகிறது என்று எழுதவில்லை.
அதை மூன்று தடவை எழுதியாயிற்று.
இது தராசைப் பற்றி.

உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறது.
தூளி காலியாக ஆடும்போதே
முள் நானூறு கிராமில் நிற்கிறது.
தட்டினால் கொஞ்சம் இறங்கும்,
கையை எடுத்ததும்
பழைய இடத்துக்கே போய்விடும்,
அங்கேதான் அதற்கு வேலை என்பதுபோல.

ஆகவே
நீங்கள் புரட்டும் அறிக்கைகளில்
எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு நானூறு கிராம் கூடுதல்.
யாரும் ஊட்டாத சோறு அது.

கழித்து எழுதலாமே என்பீர்கள்.
எழுதினேன்.
"தராசு சொல்றதை எழுதும்மா,
நீ சொல்றதை யாரு கேட்டா" என்றார் மேற்பார்வையாளர்.
கெட்டவர் இல்லை அவர்.
மஞ்சள் கட்டம் கூடினால்
மேலிருந்து கேள்வி வரும்,
முட்டை வராது.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட நேரம்,
பதினொரு பிள்ளைகளையும் வரிசையாக
தோல் மண்டிக்கு நடத்திக் கூட்டிப்போனேன்.
கணக்கர் நயீமுல்லா ஒன்றும் கேட்கவில்லை.
தராசுத் தட்டிலிருந்த உப்பை வழித்துக் கழுவினார்.
என் துண்டை விரித்து,
துண்டின் எடையையும் கழித்து,
சிவப்பு எண்கள் சுழியத்துக்கு வரும்வரை
காத்திருந்தார்.
அந்தச் சுழியத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹஃப்ஸா, இரண்டு வயது.
என்னிடம் ஒன்பது கிலோ இருநூறு. பச்சை.
அங்கே எட்டு எண்ணூறு. மஞ்சள்.
பிரதிக்ஷாவுக்கும் அதே வயது.
என்னிடம் மஞ்சள்.
அங்கே அவள் விழுந்த கட்டத்தின் நிறத்தை
அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நயீமுல்லா மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார்,
மாட்டுத்தோலுக்கு வைப்பதுபோலவே.
தோலின் விலையில் தப்பு வரக்கூடாதென்று
வருஷா வருஷம் ஒரு அதிகாரி வந்து
அந்தத் தராசுக்கு முத்திரை குத்துகிறார்.
இல்லாவிட்டால் அபராதம்.
அந்தச் சட்டத்தை உங்கள் அவைதான் செய்ததாம்.
நல்ல சட்டம், ஐயா.
உரித்த தோல்வரைக்கும் வந்த அது
தோலுக்குள் உயிர் இருப்பவர்களிடம்
எப்போது வரும்?

ஹஃப்ஸாவின் அம்மா
காலை ஆறரை கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போகிறாள்.
எந்த நாட்டுக் குழந்தைக்கோ
உள்ளங்கையளவு ஷூ தைக்கிறாள்.
ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
கப்பல் ஏற்ற மாட்டார்களாம்.
அவள் மகளில் அரைக்கிலோ பிசகியிருக்கிறது,
ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

வாக்குக் கேட்டு வந்தபோது
எங்கள் வாசலில் ஒரு பிள்ளையைத் தூக்கினீர்கள்.
புகைப்படம் வந்தது, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
இவள்தான் அது.
உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்,
கைக்கு முள் கிடையாதே.
அன்றைக்கு என்ன கனம் இருந்தாள்?
மாலைகளைவிடக் கூடவா, குறைச்சலா?

உங்கள் சபையில்
பூஜ்ய நேரம் என்று ஒன்று உண்டாமே.
முன்னறிவிப்பு நீளாமல்
அவசரமானதை எழுந்து சொல்லலாமாம்.
அந்த நேரத்தில் எழுந்திருங்கள்.
ராணுவத்துக்கு ஒதுக்கிய பிறகு,
சாலைக்கு ஒதுக்கிய பிறகு,
மிச்சத்தில் பிள்ளைகள் என்று இல்லாமல்,
முதல் வரியே இவர்கள் என்று கேளுங்கள்.
தேசம் என்று பெரிதாக எதையோ நிறுக்கிறீர்கள்.
எங்கிருந்து தொடங்குகிறது உங்கள் முள்?
பூஜ்யம் பொய்யாக இருந்தால்
மேலே வருகிற எல்லா எண்ணும் பொய்தானே.

கோபமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை.
திருத்தி எழுத நேரமில்லை,
பருப்பு அடுப்பில் இருக்கிறது.

அடுத்த எடை நாள் செவ்வாய்க்கிழமை.
மண்டியில், பத்து மணிக்கு.
வந்தால் வாருங்கள்.
துண்டு நான் கொண்டுவருகிறேன்.