காலி வீட்டின் தண்ணீர்

பிப்ரவரி, மூன்றாவது வாரம்.
ஜன்னலுக்கு வெளியே கழித்தல் நாற்பத்தொன்று.
என் எக்செல் தாளிலும் கழித்தல்தான்,
அங்கே பூஜ்ஜியங்கள் கூடுதல்.

செவிலி பணியிடம், எண் நானூற்றுப் பதினேழு,
பத்தொன்பது மாதமாகக் காலி.
அவளுக்கென்று அரசு கட்டிய வீடு
கரைச் சரிவில், நீலக் கதவோடு.
ஆளில்லா வீட்டிலும் கொதிகலன் ஓட வேண்டும்.
அணைத்தால் குழாய் உறையும்,
உறைந்தால் வெடிக்கும்,
வெடித்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.
பிளம்பர் பணியிடம், எண் நானூற்று இருபது,
அதுவும் காலி.

ஆகவே
வராதவளின் சம்பளத்தில் டீசல் வாங்கி
வராதவளின் வீட்டைச்
சூடாக வைத்திருக்கிறோம்.
தலைநகரம் இதைச்
'சேமிப்பு' என்ற பத்தியில் எழுதச் சொல்கிறது.
எழுதுகிறேன்.

டீசல் வருவது ஆண்டுக்கு ஒரே தடவை.
ஆகஸ்டில் கடல் இளகி வழிவிட்டால்
துருவேறிய ஒரு கப்பல் வந்து
மலையடித் தொட்டிகளுக்குக் குழாய் நீட்டும்.
அன்றைய விலைதான் அடுத்த ஆகஸ்ட் வரை.
உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்துவிட்டதாம்,
ரேடியோ சொல்கிறது.
எங்கள் தொட்டியில் கிடப்பது
போன வருஷத்து விலை.

மின் நிலையத்தில் மூவர் இருக்க வேண்டும்.
நுத்தாராக் மட்டும் இருக்கிறார்.
ஜெனரேட்டர் இருமினால்
தூக்கத்திலேயே எழுந்து பூட்ஸ் மாட்டுவாராம்,
மனைவி சொல்லிச் சிரித்தாள்.
அவருடைய ஓவர்டைம்
என் தாளில் சிவப்பு.
'ஏன் இவ்வளவு?' என்றது மேலிடம்.
'இரவு நீளம்' என்று பதில் போட்டேன்.
அதற்கும் ஒரு விளக்கம் கேட்டார்கள்.

இந்த மாதம்தான் கவனித்தேன்,
தண்ணீர் லாரியின் ரசீதில்
நீலக் கதவு வீடு.
வாரம் தொள்ளாயிரம் லிட்டர்.
காலியிடம் குளிக்குமா,
துணி துவைக்குமா?

மதிய இடைவேளையில் நடந்து போனேன்.
கதவைத் திறந்தது ஊலிபீக்கா.
கிளினிக்கில் எழுத்தர்.
திரையில் டாக்டர் பேசுவதை
எங்கள் மொழிக்கு மாற்றிச் சொல்பவள்,
நள்ளிரவில் காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வருபவர்கள்
முதலில் தேடுவது அவளைத்தான்.
நானூற்றுப் பதினேழின் வேலையில் பாதியை
எழுத்தர் சம்பளத்துக்குச் செய்கிறாள்.
அண்ணன் வீட்டில் மூன்று அறை, ஒன்பது பேர்,
இவளும் பிள்ளைகளும் சேர்ந்தால் பதின்மூன்று.
முறை வைத்துத் தூக்கம்.
இங்கே தரையில் மெத்தை.
குளியலறைக் கொடியில்
சீல் தோல் கையுறைகள், மூன்று ஜோடி,
ஒன்றைவிட ஒன்று சின்னது.

'எத்தனை நாளாக?'
'குழாய் உறைந்த அன்றிலிருந்து' என்றாள்.
'ஹேர் டிரையர் பிடித்து நான்தான் இளக்கினேன்.
யாரும் வந்து பார்க்கவில்லை.'

படிவத்தில் இரண்டே கட்டம்:
குடியிருப்பில். காலி.
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு, காலி என்ற கட்டத்தைத் தொடாமல்,
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
தண்ணீர்ச் செலவு, குழாய்ப் பாதுகாப்புக்காக.
பொய்யில்லை.

ஜூலையில் கடிதம் வந்தது.
கிழக்குக் கடற்கரையிலிருந்து ஒரு செவிலி,
இரண்டு ஆண்டு ஒப்பந்தம்.
ஊரே வேண்டிக் காத்திருந்த செய்தி.
நானூற்றுப் பதினேழுக்குப் பச்சை அடித்துவிட்டு
சரிவில் இறங்கினேன்,
எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்.

தேவைப்படவில்லை.
ஊர் ரேடியோவில் கேட்டிருக்கிறாள்.
துடைத்த தரை இன்னும் ஈரம்.
வண்டியில் மெத்தைகள் கட்டியாகிவிட்டன.
உறைபெட்டியில் இரண்டு பெரிய மீன்கள்,
வருபவளுக்கு.
சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.
'உள்ளே சூடாகத்தான் இருக்கிறது' என்றாள்.

இப்போது அந்த வீடு
'குடியிருப்பில்'.
தண்ணீர் வாரம் முந்நூறு லிட்டர்.
ஆள் வந்த பிறகு
செலவு குறைந்தது எப்படி என்று
மேலிடத்திலிருந்து அஞ்சல் வந்திருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.